மச்சாளிடம் சொன்ன திட்டம்

நனைந்த தோல் பந்தைக் கைமுட்டியால் குத்தும்போது முதலில் "டொப்" என்று ஒரு சத்தம் வரும், வலி அதற்குப் பிறகுதான் வரும். மாசி மாதக் குளிரில் விறைத்துப்போன விரல் "மொளி"களில் தொடங்கி முழங்கைவரை ஊசிபோல ஏறும் அந்த வலிக்கு, பன்னிரண்டு வயதில் நான் எப்படியோ பழகிப்போனேன். கிழக்கு லண்டனின் பிளேஸ்டோவில், மன்னாரிலிருந்து வந்த ஒரு வீட்டில் வளர்ந்த நான் அயர்லாந்துக்காரரின் பந்தாட்டத்துக்குள் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் எங்கள் கத்தோலிக்கக் கோயில்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சுவாமியார் அறிவித்தல் வாசித்தார்: பதினாலு வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகளுக்குக் கேலிக் ஃபுட்போல் அணி ஒன்று தொடங்குகிறோம், விருப்பமுள்ளவர்கள் பேர் கொடுக்கலாம். சனிக்கிழமைகளில் என்னை எங்கேயும் விடாத அம்மா, சுவாமியார் சொன்னார் என்பதற்காக அன்றைக்கே என் பெயரைக் கொடுத்துவிட்டார். "கோயில் பிள்ளையளோடதானே, போகட்டும்" என்று அப்பாவிடமும் சொல்லி முடித்தார்.

அந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். ஆனால் கையில் வைத்துக்கொண்டு நாலு அடிக்கு மேல் ஓட முடியாது. அதற்குள் அதை நிலத்தில் ஒருமுறை தட்ட வேண்டும், அல்லது காலால் உதைத்துத் தன் கைக்கே எடுக்க வேண்டும், அல்லது முட்டியால் குத்தி இன்னொருத்திக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு முனைகளிலும் எச் எழுத்தைப் போலக் கம்பங்கள் நிற்கும். குறுக்குக் கம்பத்துக்கு மேலால் பந்து போனால் ஒரு புள்ளி, கீழால் வலைக்குள் போனால் மூன்று. இந்த ஒன்றும் மூன்றும்தான் பின்னால் எங்களுடைய முழு மூளையையும் பிடித்துக்கொண்ட கணக்கு.

நாங்கள் பதினொரு பேர் சேர்வதே பெரும்பாடு. தமிழ்ப் பிள்ளைகள் நான்கு பேர், அயர்லாந்துக் குடும்பத்துப் பிள்ளைகள் நான்கு பேர், மிச்சப் பேர் கானாவிலும் பிலிப்பைன்ஸிலுமிருந்து வந்த வீடுகளைச் சேர்ந்தவர்கள். எங்களுக்குப் பயிற்சி தந்தவர் டெக்லன் என்ற பஸ் சாரதி. நல்ல மனிதர், ஒருநாளும் ஏசமாட்டார். ஆனால் அவருக்குத் தெரிந்த யுக்தி ஒன்றே ஒன்றுதான், பந்தை எவ்வளவு தூரம் உதைக்க ஏலுமோ அவ்வளவு தூரம் உதைப்பது. எங்களை விட ஒரு சாண் உயரமான பிள்ளைகள் அந்தப் பந்தை வானத்திலேயே பிடித்து, வந்த வழியால் எங்கள் வலைக்குள் போட்டுவிடுவார்கள். மேற்கு லண்டனிலிருந்து வந்த நீல உடுப்பு அணி ஒருமுறை எங்களை முப்பது புள்ளி வித்தியாசத்தில் அடித்தபோது, கடைசி நிமிடங்களில் நடுவருக்கே எங்களைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். விசிலை நேரத்துக்கு முன்பே ஊதிவிட்டார்.

சில்வியா எங்கள் வீட்டுக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். அவள் மாமாவின் மகள், எனக்கு மச்சாள், என்னை விட மூன்று மாதம் இளையவள். பிரான்ஸில் பிறந்து வளர்ந்தவள். மாமா அங்கே இருந்த உணவகத்தை விட்டுவிட்டு லண்டனில் தொழில் பார்க்கலாம் என்று குடும்பத்தோடு வந்து, வீடு கிடைக்கும்வரை எங்களோடு தங்கினார். சில கிழமை என்று சொன்னது ஒன்றரை வருடமானது. சில்வியாவுக்கும் எனக்கும் ஒரே அறை, ஒரே கட்டில். அவளுக்கு இங்கிலிஷ் வராது, எனக்குப் பிரெஞ்சு வராது. ஆகவே லண்டனில் பிறந்த நான், அதுவரை அம்மா அப்பாவோடு மட்டும் பேசிய தமிழை முதன்முதலாக என் வயதுப் பிள்ளை ஒருத்தியோடு பேசினேன். பள்ளிக்கூடத்தில் யார் யாரை விரும்புகிறார்கள் என்பதையும், எந்த ரீச்சரைப் பிடிக்காது என்பதையும் தமிழில் சொல்லலாம் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

அவளையும் அணியில் சேர்த்தார்கள். களத்தில் ஒன்பது பேர்தான் இறங்கலாம்; ஆகவே முதல் மாதங்களில் எங்கள் இருவருக்கும் எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்கும் வேலைதான். நின்று நின்று பார்த்ததில் ஒன்று விளங்கியது. பலமான அணிகள் எங்களை வெல்வதற்குக் காரணம் அவர்களுடைய உயரம் மட்டுமில்லை. உயரமானவர்களுக்கு வசதியான ஆட்டத்தை நாங்களே அவர்களுக்கு ஆடிக் கொடுக்கிறோம். அன்று பின்னேரம் சில்வியா குசினியிலிருந்து ஒரு பிடி கொண்டல் கடலையும் ஒரு பிடி பயறும் அள்ளிவந்து எங்கள் கட்டில் விரிப்பில் கொட்டினாள். பெரிய கடலைகள் அவர்கள், பயறுகள் நாங்கள்.

"இஞ்ச பார் ஜெனி, இவை எல்லாரையும் இவ்வளவு தூரத்தில விட்டா எப்பிடிப் பிடிக்கிறது? எல்லாப் பயறையும் பின்னுக்கு எடு" என்றாள்.

எடுத்தேன். அதன் பிறகு பல சனிக்கிழமைகள் அந்த விரிப்பில்தான் கழிந்தன. அம்மா துப்புரவாக்க வரும்போதெல்லாம் தலையணைக்குக் கீழே பயறு கிடக்கும். "சாப்பாட்டுச் சாமானில விளையாடாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது" என்பார்.

திட்டம் இதுதான். அவர்கள் உயரத்தில் பந்தைப் பிடித்தால் பிடிக்கட்டும், போட்டி போட வேண்டாம். ஒருத்தியைத் தவிர எல்லோரும் எங்கள் பாதிக்குள் இறங்கி நெருக்கமாக நிற்க வேண்டும். பந்து வைத்திருப்பவளை இடிக்கக் கூடாது, இடித்தால் நேரடி உதை கொடுக்க வேண்டிவரும்; பதிலாக அவளை மெதுமெதுவாக எல்லைக் கோட்டுப் பக்கமாக ஒதுக்கி, அவளுடைய நாலு அடியையும் வாய்விட்டு எண்ண வேண்டும். மூன்று பேர் சுற்றி நின்று எண்ணினால் எந்தப் பிள்ளைக்கும் பதற்றம் வரும். தூரத்திலிருந்து அடித்தால் அடிக்கட்டும், பத்தில் ஏழு வெளியே போகும். எங்கள் கோல் காப்பாளர் பந்தை வானத்துக்கு உதைக்காமல் பக்கத்தில் நிற்பவளுக்குத் தட்ட வேண்டும். மூவர் மூவராக, கைக்குக் கை குத்திக்கொண்டு முன்னேற வேண்டும். எங்களுக்கு ஒரு ஆட்டத்தில் நாலு ஐந்து வாய்ப்புத்தான் கிடைக்கும் என்றால், அவற்றைக் கம்பத்துக்கு மேலால் அடித்து ஒவ்வொரு புள்ளியாக எடுப்பது முட்டாள்தனம். வலைக்குள்தான் போட வேண்டும். முன்னால் தனியே நிற்கப்போகிறவள் கிரேஸ். கானாக் குடும்பத்துப் பிள்ளை, எங்கள் பள்ளிக்கூடத்தில் அவளை விட வேகமாக ஓடிய ஒருவரும் இல்லை.

சைகைச் சொற்களைத் தமிழில் வைக்கலாம் என்றது யார் என்பது இப்போது நினைவில்லை. நானாகவும் இருக்கலாம், அவளாகவும் இருக்கலாம். "சட்டி" என்றால் எல்லோரும் பின்னுக்கு. "புட்டு" என்றால் இடது பக்கம், "சம்பல்" என்றால் வலது பக்கம். "சொதி" என்றால் நீளமான பந்து ஒன்று கிரேஸுக்குப் போகப்போகிறது. கோல் காப்பாளர் ஓர்லா, சிவப்புத் தலைமயிரோடும் முகம் நிறையப் புள்ளிகளோடும், "சொதீ" என்று கடைசி எழுத்தை இழுத்துக் கத்துவதைக் கேட்டு, பார்க்க வந்த அம்மா முதன்முறையாக மைதானத்தில் சிரித்தார். டெக்லன் எங்கள் கடலைப் படத்தை ஒரு கடதாசியில் பார்த்தபின் தாடையைத் தடவிக்கொண்டு, இது தனக்குப் பிடிக்கவில்லை, தன் தகப்பனார் பார்த்தால் இதைப் பந்தாட்டம் என்றே சொல்லமாட்டார், ஆனால் தோற்பது அதை விடப் பிடிக்கவில்லை என்றார்.

முதல் ஆட்டத்தில் ஆறு புள்ளியால் தோற்றோம். அதை நாங்கள் வெற்றிபோலக் கொண்டாடினோம். அடுத்தது சமன். அதற்கடுத்ததில் வென்றோம். ஒரு அணியின் தாய்மார் கோட்டுக்கு வெளியே நின்று, இப்படி ஒளிந்து விளையாட வெட்கமில்லையா என்று கத்தினார்கள். எங்களுக்கு வெட்கமே இல்லை. நான் நடுவில் நின்று கத்துகிறவள், சில்வியா எனக்குப் பின்னால் நின்று பார்க்கிறவள். நான் வாய் திறப்பதற்கு முன்பே எந்தச் சொல் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த பருவத்தில் அரையிறுதிவரை வந்துவிட்டோம். எதிரே வந்தது நீல உடுப்பு அணி.

அந்த ஆட்டத்துக்கு ஆறு கிழமைக்கு முன்னர் மாமாவுக்கு மேற்கு லண்டனில், ஹவுன்ஸ்லோவில் வீடு சரிவந்தது. போகும் நாளில் சில்வியா அழுதாள், நானும் அழுதேன். அங்கே போனாலும் அந்தப் பக்கத்து அணியில் சேரமாட்டேன் என்று அவளாகவே சொன்னாள்; நான் கேட்கவில்லை. "உன்னை எதிர்த்து நான் எப்பிடி விளையாடுறது? விசரே?" என்றாள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்னேரம் போனில் பேசினோம். புதுப் பள்ளிக்கூடத்தில் ஒருவரையும் பிடிக்கவில்லை, மத்தியானம் தனிய இருந்து சாப்பிடுகிறேன் என்பாள். விளையாடவில்லையா என்றால், இல்லை என்பாள். அரையிறுதிக்கு முந்திய சனிக்கிழமை அவளே கேட்டாள்.

"இப்பவும் சொதி எண்டுதான் கத்துறனீங்களோ? அவைக்கு இப்ப பழகியிருக்குமே."

"இல்லை, மாத்திப்போட்டம்" என்றேன் பெருமையோடு. "சொதி எண்டு ஒருதரம் கத்தினா அது சும்மா. அவை எல்லாரும் கிரேஸுக்குப் பின்னால ஓடுவினம், நாங்கள் மற்றப் பக்கத்தால போவம். ரெண்டுதரம் கத்தினாத்தான் உண்மையா அவளுக்குப் போகும்."

 "நல்லா இருக்கு" என்றாள். "நீதான் யோசிச்சனியோ?"

"ஓம்."

"நல்லா இருக்கு" என்று திரும்பவும் சொன்னாள்.

லண்டனின் மேற்கு விளிம்பில், விமானங்கள் தலைக்கு மேல் தாழப் பறக்கும் மைதானம் ஒன்றில் அரையிறுதி. டெக்லனின் வான் வண்டியில் வந்து இறங்கி, உடுப்பு மாற்றி, கோட்டுக்குப் பக்கத்தில் நின்றபோது எதிர்ப்பக்கத்தில் ஒரு நீல உடுப்பு குனிந்து சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தது. அந்த இரட்டைப் பின்னலைப் பின்னிவிட்ட கைகள் எத்தனையோ காலையில் என்னுடையவை. சில்வியா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கையை அரைவாசி உயர்த்தினாள், பிறகு அதே கையால் கழுத்தைச் சொறிந்தாள். முதலில் எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு விளையாட ஓரிடம் கிடைத்திருக்கிறது, சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறாள் என்று மட்டும்தான் நினைத்தேன். போனில் நான் சொன்னது அந்தக் கணத்தில் நினைவுக்கே வரவில்லை.

ஆட்டம் தொடங்கி ஐந்தாவது நிமிடத்தில் ஓர்லாவிடம் பந்து வந்தது. நான் "சொதி" என்று ஒருதரம் கத்தினேன். நீல உடுப்புகளில் ஒன்றுகூட அசையவில்லை. கிரேஸ் வெறும் புல்லில் தனியே ஓடினாள், நாங்கள் மறுபக்கத்தால் கொண்டுபோன பந்தைக் காத்திருந்த மூவர் பறித்தார்கள். அடுத்த முறை "சொதி, சொதி" என்றேன். என் இரண்டாவது சொல் முடிவதற்குள் மூன்று நீல உடுப்புகள் கிரேஸை நோக்கி ஓடின. பந்து வானத்தில் இருக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது.  அதற்குப் பிறகு "புட்டு" என்றாலும் அங்கே ஒருத்தி நின்றாள், "சம்பல்" என்றாலும் அங்கே ஒருத்தி நின்றாள். இடைவேளையில் நாங்கள் பத்துப் புள்ளி பின்னால் நின்றோம்.

தண்ணீர்ப் போத்தல்களைச் சுற்றி நின்றோம். கிரேஸ் என்னைப் பார்த்து நேராகக் கேட்டாள், போன கிழமைதானே மாற்றினோம், அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று. மற்றத் தமிழ்ப் பிள்ளைகள் மூவரும் நிலத்தைப் பார்த்தார்கள். நான் பேசாமல் இருந்திருந்தால் பழி அவர்கள்மீதும் விழுந்திருக்கும்.

"நான்தான் சொன்னேன்" என்றேன். "சில்வியாவிடம். அவள் அங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது."

தெரியாது என்பதை ஒருவரும் நம்பவில்லை என்பது அவர்கள் முகங்களில் தெரிந்தது. ஒரே கட்டிலில் படுத்தவர்கள், ஒரே குடும்பம், அதெப்படித் தெரியாமல் இருக்கும்? ஓர்லா மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சரி, அப்படியென்றால் நாங்கள் பொய் சொல்லுவோம், இனி ஒருதரம் கத்தினால் உண்மை, இரண்டுதரம் கத்தினால் பொய் என்றாள்.

இரண்டாவது பாதியின் முதல் பத்து நிமிடங்களை நான் இன்றும் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதுண்டு. "சொதி, சொதி" என்றேன். நீல உடுப்புகள் கிரேஸின் பக்கம் பாய்ந்தன. நாங்கள் இடது பக்கத்தால் மூவராகப் போய் வலைக்குள் போட்டோம். மூன்று புள்ளி. "சொதி" என்றேன், அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள், கிரேஸ் தனியே ஓடிப் பந்தைப் பிடித்து வலைக்குள் உதைத்தாள். இன்னும் மூன்று. பிறகு கம்பத்துக்கு மேலால் ஒன்று. மூன்று புள்ளிதான் மிச்சம், இன்னொரு கோல் விழுந்தால் சமன். டெக்லன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டிருந்தார். நான் மறுபடியும் "சொதி" என்று வாயெடுத்தேன்.

"பொய்! பொய் சொல்லுறாள்! ஒருதரம் கத்தினாத்தான் உண்மை!"

சில்வியா தமிழில்தான் கத்தினாள். தன் அணியில் அந்த மொழி ஒருவருக்கும் விளங்காது என்பதை அந்த ஒரு கணம் மறந்துபோனாள்; பிறகுதான் இங்கிலிஷில் திரும்பச் சொன்னாள். ஆகவே அந்தச் சொற்கள் முதலில் வந்து விழுந்தது என்மீதுதான். என் குரலைப் பின்னால் நின்று கேட்டுக் கேட்டுப் பழகியவளுக்கு, அதில் எது உண்மை எது பொய் என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது. அதன் பிறகு நான் கத்தவே இல்லை. ஒன்பது புள்ளியால் தோற்றோம்.

உடுப்பு மாற்றும் அறைக்கு வெளியே அவள் எனக்காகக் காத்து நின்றாள்.

"எனக்கு அங்க ஒருத்தரும் பந்து தரேல்ல ஜெனி" என்றாள். "மூண்டு கிழமை ஒருத்தரும் கதைக்கவும் இல்லை. உங்கட விளையாட்டு எனக்குத் தெரியும் எண்டு சொன்ன உடன எல்லாரும் என்னைச் சுத்தி வந்து இருந்தவை."

"என்னட்டக் கேக்கேக்க நீ அங்கதானே விளையாடிக்கொண்டிருந்தனி?"

அவள் அழத் தொடங்கினாள். நான்தான் அழ வேண்டும், என் முறையையும் அவளே எடுத்துக்கொண்டாள் என்று தோன்றியது.

திரும்பும்போது டெக்லனின் வானில் எனக்குப் பக்கத்து இருக்கை வெறுமையாக வந்தது. வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அதிர்ச்சி அடைவார், போனை எடுத்து மாமாவை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா என் ஈரக் காலுறைகளை வாங்கிப் பிழிந்துகொண்டே, "அவள் அங்க சேர்ந்தது எனக்குத் தெரியும். மாமா சொன்னவர்" என்றார்.

"எப்ப?"

"போய்ச் சேர்ந்த கிழமையே. உனக்குச் சொன்னா நீ அவளோட கதைக்காமல் விடுவாய் எண்டு பேசாமல் இருந்திட்டன். விளையாட்டுத்தானே பிள்ளை. சொந்தத்துக்குள்ள இதெல்லாம் பெரிசாக்கக் கூடாது."

நான் போனில் திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்த அந்தச் சனிக்கிழமை, அம்மா அதே அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். எனக்கு மிகவும் வலித்தது அந்தப் படம்தான். சில்வியாவுக்காவது தனியே சாப்பிட்ட மத்தியானங்கள் இருந்தன. அம்மாவுக்கு என்ன இருந்தது? "ஜெனி, பொறு" என்று ஒரு சொல் போதுமாயிருந்தது.

அடுத்த பருவத்துக்கு நான் பேர் கொடுக்கவில்லை. கிரேஸும் ஓர்லாவும் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. பள்ளிக்கூட நடைபாதையில் சிரித்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். கொஞ்சக் காலத்தில் பிள்ளைகள் போதாமல் அணியை இன்னொரு பங்கின் அணியோடு சேர்த்தார்கள், பிறகு அதுவும் நின்றுபோனது. நாங்கள் பழகிய மைதானத்தில் இப்போது நாலு மாடிக் குடியிருப்புகள். கம்பங்கள் நின்ற பக்கத்தில் சைக்கிள் நிறுத்துமிடம். டெக்லன் அயர்லாந்துக்கே திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

சில்வியாவும் நானும் பேசாமல் விடவில்லை. குடும்பம் விடவில்லை என்று சொல்வதே சரி. கலியாணங்கள், திருமுழுக்குகள், செத்தவீடுகள் எல்லாவற்றிலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டோம். ஞாயிறுகளில் எனக்குப் போன் எடுப்பாள், நானும் கதைப்பேன். இவ்வளவு வருடத்தில் அந்த ஆட்டத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன கோடையில் செவன் கிங்ஸில் சொந்தக்காரப் பிள்ளை ஒன்றின் முதல்நன்மைக் கொண்டாட்டம். சில்வியாவின் மகளுக்கு இப்போது எட்டு வயது, பள்ளிக்கூடத்தில் பந்தாட்டம் தொடங்கியிருக்கிறாள். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருக்க, சில்வியா மகளின் தலையைத் தடவி, "உங்கட அம்மாவும் ஜெனி அன்ரியும் பெரிய ஆக்கள் தெரியுமோ?" என்று தொடங்கினாள். கடலையும் பயறும், புட்டும் சொதியும், எல்லாவற்றையும் அழகாகச் சொன்னாள். மேசை முழுக்கச் சிரித்தது. "அப்பிடியே அரையிறுதி வரைக்கும் போனம்" என்று முடித்தாள்.

"அப்ப வெண்டதோ?" என்று கேட்டது பிள்ளை.

சில்வியா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மறதி இல்லை. அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. நான் அதை விட்டுக்கொடுப்பேன் என்ற நம்பிக்கையும் இருந்தது. அம்மா மேசைக்குக் கீழே என் முழங்காலில் கை வைத்தார்.

"உங்கட அம்மா வெண்டவ" என்றேன். "நான் தோத்தனான். அண்டைக்கு அவ மற்றப் பக்கம் விளையாடினவ."

பிள்ளை விளங்காமல் தாயைப் பார்த்தது. சில்வியா தன் கோப்பையில் இருந்த சோற்றைக் கரண்டியால் ஒருபக்கம் ஒதுக்கினாள். சிறிது நேரத்தில் கேக் வெட்டக் கூப்பிட்டார்கள், எல்லோரும் எழுந்து போனார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் அவள் போன் எடுப்பதில்லை. அன்று காரில் வீடு திரும்பும்போது, நான் சொன்னதில் பொய் ஏதும் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டேன். இல்லை, ஆனால் சொல்ல அது நேரமில்லை என்றார். அப்படியென்றால் எது நேரம் என்று கேட்டேன். பிளேஸ்டோ வரும்வரை அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.